குடியிருப்பும் இசைவும்

தாம் வாழும் வீட்டின் ஒரு சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கவோ, கூரையை மாற்றவோ, பின்புறத்தில் ஒரு குசினியைச் சேர்த்துக் கட்டவோ விரும்புகின்ற ஒருவர், வேலையைத் தொடங்குமுன் வேறொருவரின் இசைவைப் பெற்றாக வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டமாக இருக்கின்றது. வரைபடம், விண்ணப்பம், கட்டணம், முத்திரை என்ற நடைமுறை அளவிலேயே இதனை நோக்குவது வழக்கம். எனினும் அந்நடைமுறைக்கு அடியில், சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த ஒரு கேள்வி கிடக்கின்றது: ஓரிடத்தை மாற்றியமைக்குமுன் யாரைக் கேட்கவேண்டும், கேட்கப்படுவதற்குரிய தகுதி ஒருவருக்கு எதனால் அமைகின்றது? நிலத்தின் உடைமையாளர் என்பதனாலா, அங்கு வாழ்பவர் என்பதனாலா, அல்லது அக்கட்டுமானத்தின் விளைவைத் தாங்கப்போகின்றவர் என்பதனாலா? இம்மூவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் கேள்வி எழுவதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அவற்றைச் சூழவும் பரந்துள்ள தேயிலைத் தோட்டங்களில், இம்மூவரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவராக இருந்ததில்லை. ஆகவே அங்கு ஓர் அறையை நீட்டிக் கட்டுவதுகூட அறநெறி சார்ந்த விடயமாகிவிடுகின்றது.

இத்தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் லயம் என்றும் லயன் என்றும் வழங்குவது, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த ஒற்றையறை வீடுகளின் தொகுதியையே ஆகும். கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதற்குப் பிந்திய பதிற்றாண்டுகளில் மலையெங்கும் பெருகிய இக்கட்டடங்களில், காம்பரா எனப்படும் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை ஒன்று இருக்கும். இரட்டை லயங்களில் காம்பராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பதால், பின்சுவரில் ஒரு யன்னல் வைக்கவும் வழியில்லை. மகனுக்குத் திருமணம் நடந்தால் இஸ்தோப்பு பலகையாலோ தகரத்தாலோ அடைக்கப்பட்டு இன்னோர் அறையாகின்றது. அடுப்பு, சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு கொட்டிலுக்கு நகர்கின்றது. அக்கொட்டிலின் ஓரமாகவே மழைநீர் வடிகின்ற கான் ஓடுகின்றது. வேறிடங்களில் வீட்டுத் திருத்தம் என்பது வசதியைக் கூட்டிக்கொள்ளும் முயற்சியாக இருக்கலாம். இங்கே அது ஒரு தலைமுறை தன் அடுத்த தலைமுறைக்குப் படுக்க இடம் காண்கின்ற முயற்சியாகவே பெரும்பாலும் இருந்து வந்துள்ளது.

இம்முயற்சிக்கு யாருடைய இசைவு தேவை என்பதை நிலத்தின் வரலாறே நிர்ணயித்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அவை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறி, பின்னர் 2045 வரை செல்லுகின்ற 53 ஆண்டுக் குத்தகையாக உறுதிபெற்றது. தோட்டத்துரை மாறினார், கம்பனி மாறியது, அரசாங்கங்கள் மாறின. ஆனால் லயக் காம்பராவில் ஒரு மாற்றம் செய்யவேண்டுமெனில் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிக் கேட்கவேண்டும் என்ற நிலை மாறவில்லை. மறுபுறத்தில், நகரத்திலும் கிராமத்திலும் வாழ்பவர்கள் கட்டட அனுமதிக்குச் செல்லுகின்ற உள்ளூராட்சி மன்றத்தின் வாசல் தோட்டத்து மக்களுக்குத் திறந்திருக்கவில்லை. அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் முன்வைக்கவேண்டும். லயத்தில் வாழ்பவரிடம் இரண்டுமே இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கே தடையாக விளங்கி, 2018இல்தான் திருத்தப்பட்டது. இதற்கெல்லாம் பின்னணியில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிற்கின்றது. நாட்டிலேயே குடியாக எண்ணப்படாதிருந்த ஒருவர், தம் வீட்டின் சுவரைப் பற்றி எந்த அலுவலகத்தில் போய்ப் பேசியிருக்க முடியும்?

இந்நிலையை உரிமை மறுப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். அரசியல் எழுத்துகள் அவ்வாறே செய்துள்ளன, அது பிழையுமன்று. ஆயினும் உரிமை என்ற கருத்தோடு நின்றுவிட்டால், இசைவு கேட்பதே ஓர் இழிவு என்ற முடிவுக்கு வந்துவிட நேரும். உடைமையாளராகிவிட்டவர் யாரையும் கேட்கத் தேவையில்லை என்ற எண்ணமும் அதன் பின்னாலேயே வரும். இதே மலைகளில் வாழ்கின்ற மக்களின் சமய மரபுகள் அவ்வாறு எண்ணவில்லை. அவை இசைவு கேட்பதை உயர்ந்த செயலாகவே போற்றுகின்றன. ஆனால் யாரிடம், எதன்பொருட்டுக் கேட்பது என்பதில் அவை காட்டுகின்ற நுட்பம், தோட்ட நிர்வாகத்தின் கோப்புகளிலும் காணியதிகாரிகளின் ஏடுகளிலும் காணப்படாத ஒன்று.

சைவ ஆலயங்களில் திருப்பணி முடித்துக் கும்பாபிஷேகம் செய்யும்போது, கிரியைகளின் தொடக்கத்தில் நிகழ்வது அனுக்ஞை. செய்யப்போகும் காரியத்தைச் சொல்லி இறைவனிடமும் ஆசாரியரிடமும் சபையோரிடமும் இசைவு பெறுவதே அது. திருப்பணி தொடங்குவதற்கு முன்னரோ பாலாலயம் என்ற இன்னொரு கிரியை உண்டு. கருவறையைத் திருத்தவேண்டுமெனில், அங்கு எழுந்தருளியிருக்கும் மூர்த்தியின் சாந்நித்தியத்தை, அதாவது தெய்வப் பிரசன்னத்தை, கும்பத்திலோ படத்திலோ அத்திப்பலகையிலோ ஆவாகனம் செய்து, தற்காலிகமாக அமைத்த ஒரு சிறு கோயிலில் வைத்து வழிபட்ட பின்னரே சுவரில் உளி படலாம். பெருங்கோயிலொன்றின் புனரமைப்பு என்பது, சமயக் கண்கொண்டு பார்த்தால், குடியிருப்பவர் ஒருவரின் வீட்டைத் திருத்துவதே ஆகும். அவருக்கு மாற்று இடம் தராமல் கூரையைப் பிரிக்கலாகாது என்பது அதன் முதல் விதி. கோயில் நிலம் யாருடைய பெயரில் இருக்கின்றது என்று இவ்விதி கேட்பதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் பெரும்பாலும் தோட்டக் காணியிலேயே நிற்கின்றது. எனினும் பாலாலயத்தில் கேட்கப்படுபவள் அங்கு உறைகின்ற அம்மனே.

மரத்தைப் பற்றிய மரபு இதைவிடத் தெளிவானது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில், தெய்வத் திருவுருவுக்காக ஒரு மரத்தை வெட்டச் செல்பவர் முதல்நாள் இரவு அதற்குப் படையலிட்டு, அம்மரத்தில் உறையும் உயிர்களை நோக்கி, இந்தப் பூசையை ஏற்று வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும் என விதிக்கின்றார். தமிழகத்துக் கிராமங்களில் புதுவீடு கட்டி முடிந்ததும் தச்சர்கள் இரவில் செய்கின்ற தச்சுக்கழிப்பு இதே எண்ணத்தின் மறுமுனை. நிலையாகவும் உத்திரமாகவும் ஆகிவிட்ட மரங்களில் எஞ்சியிருக்கக்கூடியவற்றைப் பலி தந்து அமைதிப்படுத்தி அனுப்பிவைப்பதே அச்சடங்கு. மலையகத் தொழிலாளர் இம்மரபைத் தம் தொழிலுக்கே விரித்துக்கொண்டனர். தேயிலைச் செடியை வெட்டிச் சீர்ப்படுத்தும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துசாமி என்றும், தொழிற்சாலையின் சக்கரமாகிய ரோதைக்கு ரோதமுனி என்றும் தெய்வங்களைக் கண்டு, கத்தி செடியில் படுமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு வந்தனர். மலையின் சட்டபூர்வ உடைமையாளர் ஒருபுறம் இருக்க, அதன் உண்மையான குடியிருப்பாளர்கள் யார் என்பதை இவ்வழிபாடு தன் போக்கில் வரையறுத்து வைத்திருக்கின்றது.

மரத்திடம் கேட்பது வெறும் பாவனைதானே, மரம் மறுத்துப் பேசப்போவதில்லையே என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் மரபு நூல்களுக்கு அந்நியமானதன்று. மறுப்புக்கு அவை இடம் வைத்திருக்கின்றன. நிமித்தம் சரியில்லாவிடில் அம்மரத்தை விட்டுவிட வேண்டும். மனையின் நிலம் பரீட்சையில் தேறாவிடில் அம்மனையைக் கைவிட வேண்டும். பூபரீட்சை எனப்படும் நிலச் சோதனையில், ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்புவார்கள். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அங்கு கட்டலாகாது. குழியில் நீரூற்றி அது எவ்வளவில் வற்றுகின்றது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. மண்ணின் இறுக்கத்தையும் நீர்ப்பிடிப்பையும் இவை அளக்கின்றன என்பது பொறியியலாளருக்கு விளங்கும். சமயத்துக்கு அவை நிலம் சொல்லும் விடைகள். விடை ‘ஆகாது’ என்று வந்தால் கேட்டவர் அதனை ஏற்கக் கடமைப்பட்டவர்.

பௌத்த மரபில் இக்கருத்து ஒரு முழுமையான சட்டமாகவே வடிவம் பெற்றுள்ளது. பிக்குகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநயபிடகத்தில் சங்காதிசேசம் என்பது, குற்றம் இழைத்தவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்குச் சங்கம் கூடித் தீர்மானிக்க வேண்டிய கனமான விதிகளின் பிரிவு. அதன் ஆறாம் விதி குடிசை கட்டுதல் பற்றியது. ஆளவி என்ற ஊரில் சில பிக்குகள் புரவலர் எவருமின்றித் தாமே இரந்து பெற்றுக் குடிசைகள் கட்டத் தொடங்கி, ஆள் தா, எருது தா, வண்டி தா, கோடரி தா என்று ஊராரை ஓயாமல் கேட்க, மக்கள் சலித்துப்போய்ப் பிக்குகளைக் கண்டாலே விலகி ஓடியதோடு, தூரத்தே பசுமாட்டைக் கண்டும் பிக்கு எனக் கருதி ஓடினார்கள் என்று அவ்விதியின் தோற்றக்கதை கூறுகின்றது. இதன்பின் விதிக்கப்பட்டது இது: இவ்வாறு தனக்கெனக் கட்டும் குடிசை, புத்தருடைய சாணால் பன்னிரண்டு சாண் நீளமும் உள்ளளவில் ஏழு சாண் அகலமும் கொண்டதாக இருக்கவேண்டும், கட்டுவதற்கு முன் பிக்குகளை அழைத்து வந்து இடத்தைக் காட்டி இசைவு பெறவேண்டும், அவ்விடம் தீங்கற்றதாகவும் சுற்றிலும் வெளி உள்ளதாகவும் இருக்கவேண்டும்.

தீங்கற்றது என்பதற்கு விநயம் தருகின்ற விளக்கமே இங்கு மிகவும் கருதத்தக்கது. எறும்பு, கறையான், எலி, பாம்பு, தேள், பூரான் முதலியவற்றின் வாழிடமாகவோ, யானை, புலி, கரடி போன்ற விலங்குகளின் வாழிடமாகவோ இருப்பின் அவ்விடம் ஆகாது. தானியம் விளையும் நிலத்தையோ, இடுகாட்டையோ, அரசனின் காணியையோ, பெருவழியையோ, மக்கள் கூடும் இடத்தையோ ஒட்டியிருப்பினும் ஆகாது. சுற்றிலும் வெளி என்பது, எருது பூட்டிய வண்டியோ, ஏணியொன்றோ வீட்டைச் சுற்றி வரக்கூடிய அளவு. இன்றைய கட்டட விதிகள் பின்னொதுக்கம் என்று கோருகின்ற இடைவெளியின் பழைய வடிவம் இது. விண்ணப்பிப்பவருக்கு இருக்கின்ற அதே அளவு கடமை இசைவு தருபவருக்கும் இருக்கின்றது என்பதையும் விநயம் விட்டுவிடவில்லை. பிக்கு இடத்தைத் துப்புரவாக்கி, சங்கத்தின் முன் அமர்ந்து, கைகூப்பி மும்முறை கேட்பார். சங்கம் முழுவதுமாகச் சென்று இடத்தைப் பார்க்கவேண்டும். முழுவதுமாகச் செல்ல இயலாவிடில், தீங்குள்ள இடம் எது, வெளியுள்ள இடம் எது என்று அறியவல்ல பிக்குகளைத் தெரிந்து அனுப்பவேண்டும். நேரில் சென்று பாராமல் இசைவு வழங்குவதற்கும் மறுப்பதற்கும் அங்கு இடமில்லை.

இதே நூலின் வேறோர் இடத்தில், பிக்கு ஒருவர் மரத்தை வெட்டியபோது அதில் வாழ்ந்த தேவதையின் குழந்தைக்குக் கையில் காயம் பட்ட நிகழ்ச்சி வருகின்றது. சினம் கொண்ட தேவதை அவரைக் கொன்றுவிட எண்ணி, பின் அதனை அடக்கிக்கொண்டு புத்தரிடம் சென்று முறையிடுகின்றது. அதன் பொறுமையைப் பாராட்டிய புத்தர், யாரும் வாழாத வேறொரு மரத்தைச் சுட்டி அங்கே செல்லுமாறு சொல்கின்றார். தாவரங்களைச் சேதப்படுத்தலாகாது என்ற விதியும் பிறக்கின்றது. மரத்துக்கு உறுதி எழுதி வைத்திருந்ததாகத் தேவதை வாதாடவில்லை. அது என் வீடு என்று மட்டுமே சொல்லிற்று. கேட்கப்படுவதற்கு அதுவே போதுமாயிற்று.

சைவக் கிரியையும் நாட்டார் வழிபாடும் பௌத்த விநயமும் தெய்வம், ஆன்மா, கன்மம் பற்றித் தமக்குள் எவ்வளவோ வேறுபட்டாலும், இந்த ஒரு விடயத்தில் வந்து கூடுகின்றன: ஓரிடத்தை மாற்றுமுன் அங்கு வாழ்பவரைக் கேட்கவேண்டும், கேட்கப்படும் தகுதியை வாழ்தலே தருகின்றது. கறையானுக்கும் பாம்புக்கும் மரத்துத் தேவதைக்கும் அத்தகுதி உண்டெனில், ஐந்து தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து அதே காம்பராவிலிருந்து பாடையேறிய ஒரு குடும்பத்துக்கு அது இல்லையென்று சொல்வதற்கு எந்தச் சமய நியாயமும் இல்லை. தோட்டத்தில் நடந்து வந்திருப்பது இதன் நேர்மாறு. வாழ்பவர் கேட்கின்றார், வாழாதவர் கொடுக்கின்றார் அல்லது மறுக்கின்றார். இசைவு தருபவரின் தலைமேல் அக்கூரை ஒழுகப்போவதில்லை, அச்சுவர் சரியப்போவதுமில்லை.

பன்னிரண்டு சாணுக்கு ஏழு சாண் என்ற அளவையும் ஒரு கணம் நோக்கவேண்டும். அது சிறிய குடிசை. ஆனால் தனியாளாக வாழ்வதைத் தாமே தெரிந்துகொண்ட துறவிக்கு, அவருடைய ஆசையைக் குறைப்பதற்காக விதிக்கப்பட்ட சிறுமை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பரா, துறவு பூணாத ஒரு முழுக் குடும்பத்தின்மேல், அவர்களைக் கேளாமல், செலவைக் குறைப்பதற்காக விதிக்கப்பட்டது. தோட்டத்து மக்களின் எளிமையைப் புகழ்ந்து பேசுகின்ற நல்லெண்ணமுடையோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவது வருத்தத்துக்குரியது.

சட்டம் இந்த உண்மையை எப்போதுமே காணாதிருந்தது என்று கூறிவிடவும் முடியாது. வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்ட பின்னும் லயக் காம்பராவை விட்டு அகலாதிருந்த தோட்டத் தொழிலாளி ஒருவர்மேல், அத்துமீறித் தங்கி, தோட்ட நிர்வாகத்துக்குத் தொல்லை தர எண்ணினார் என்ற குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டு, அது இலங்கையின் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. தொழிலாளியின் முதன்மையான நோக்கம் தம் வீட்டைத் தக்கவைத்துக்கொள்வதேயன்றிப் பிறரைத் தொல்லைப்படுத்துவதன்று எனக் கண்டு, 1950இல் அக்கழகம் தண்டனையை நீக்கிற்று. காணியுரிமையை அத்தீர்ப்பு அவருக்கு அளிக்கவில்லை, அளிக்க முடியவும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் வாழ்கின்றவரின் மனத்தை, அவ்விடத்தைக் கைப்பற்ற வந்தவரின் மனத்திலிருந்து வேறாகப் பிரித்தறிந்தது. குடியிருப்பவருக்கே உரிய ஒரு நிலை உண்டென்பதன் ஒப்புதல் அதில் பொதிந்திருக்கின்றது.

மேனாட்டு மெய்யியலில் இதற்கு அருகே வருவது, நிலத்தில் உழைப்பைக் கலப்பவருக்கு அந்நிலம் உரியதாகின்றது என்ற ஜோன் லொக்கின் கருத்து. காட்டை அழித்து, கல்லைப் புரட்டி, செடி நட்டு மலையை ஆக்கியவர்கள் தொழிலாளர்களே என்று இக்கருத்தின் துணைகொண்டு வாதிடுவது எளிது; பலர் வாதிட்டும் உள்ளனர். எனினும் இக்கருத்தைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். பயிரிடப்படாத நிலம் யாருக்கும் உரியதன்று என்ற இதன் மறுபக்கமே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்துக்குத் துணைநின்றது. காடும் தரிசும், உரித்து நிரூபிக்கப்படாவிடில், முடிக்குரியவை எனக் கருதப்பட்டு, தோட்டச் செய்கையாளருக்கு விற்கப்பட்டன. அக்காடுகளில் சேனைப்பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரையும் அன்று எவரும் கேட்கவில்லை. வாழ்தல் தருகின்ற தகுதியைத் தமக்குக் கோருகின்ற மலையகத் தமிழர், தமக்கு முன் அதனை இழந்தவர்களையும் சேர்த்து எண்ணுவதே நேர்மையாகும். உழைப்பை வைத்து வாதிடுவதைவிட வாழ்தலை வைத்து வாதிடுவது வலுவானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உழைத்து ஓய்ந்தவரும், தோட்டத்தில் பெயர் பதியாது வெளியில் வேலைக்குச் செல்பவரும், நோயாளியும், குழந்தையும் அதனுள் அடங்குகின்றனர். தோட்ட வேலையைக் குடியிருப்போடு பிணைத்து வைத்த பழைய முறையில் இவர்களுடைய இடம் எப்போதும் ஐயத்துக்குரியதாகவே இருந்து வந்தது.

உடைமையாளர் தரப்பின் நியாயத்தையும் கேட்கவேண்டும். நிர்வாகங்கள் கூறுவது இது: அவரவர் விருப்பப்படி இடித்துக் கட்டினால் பொதுக்கூரையின் பாரம் ஒரு பக்கம் சாயும், கான் அடைபடும், விளைநிலம் சிறுகச் சிறுகக் குறையும், விபத்து நேர்ந்தால் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் விழும். இவற்றுள் எதுவும் கற்பனையன்று. லயத்தில் ஒருவரின் சுவர் இன்னொருவரின் சுவர். ஒரு காம்பராவின் பின்சுவரை இடித்தால் மறுபுறத்துக் குடும்பம் வெட்டவெளியில் நிற்கும். ஒருவர் தம் சுவரில் அயலவர் மரக்கட்டையொன்றைப் பொருத்துவதைத் தடுக்கலாகாது என்று நபிகள் நாயகம் பணித்ததாக அபூஹுரைரா அறிவிக்கின்ற ஹதீஸ் ஒன்று உண்டு; தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற இன்னொரு நபிமொழியோடு சேர்த்து, இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அதனை ஆராய்ந்துள்ளனர். பொதுச்சுவரை உடைய இருவர் ஒருவருக்கொருவர் இடம் கொடுக்கவும் வேண்டும், ஒருவர்க்கொருவர் தீங்கிழைக்காதிருக்கவும் வேண்டும். விநயமும் விளைநிலத்தை ஒட்டிய இடத்தை விலக்கத்தான் செய்கின்றது. ஆகவே நிர்வாகம் சொல்லுகின்ற காரணங்கள் இசைவு முறை ஒன்று வேண்டும் என்பதற்குச் சான்றாகின்றன. அம்முறை உடைமையாளரின் கையில் இருக்கவேண்டும் என்பதற்கு அவை சான்றாவதில்லை. அடுத்த காம்பராக்காரரும் ஒரே நீர்ப்பீலியின் தண்ணீரைப் பகிர்பவரும் லயத்தில் ஒன்றாய்க் கூடிப் பேசித் தீர்க்கக்கூடியவற்றை, ஆபிசில் ஒருவர் தனித்துத் தீர்மானிப்பதற்கு என்ன காரணம் உண்டு?

இனி, மலையைப் பற்றிச் சொல்லவேண்டும். மத்திய மலைநாட்டில் வீடு கட்டுவதன் விளைவைத் தாங்குவோருள் முதலாவது, அவ்வீடு நிற்கின்ற சரிவே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலின் மழையிலும் மலைநாட்டின் பல சரிவுகள் பெயர்ந்து உயிர்களைக் கொண்டுபோயின. 1984இல் உருவான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு முன் இடத்தை ஆராய்ந்து அறிக்கை வழங்குகின்றது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், நீர் வடியும் பாதை, மேலிருந்து உருண்டு வரக்கூடிய பாறை ஆகியவற்றைப் பார்த்து, கட்டலாம் அல்லது ஆகாது என்று அது சொல்வது, பூபரீட்சையின் உள்ளக்கிடக்கையோடு நெருங்கிய உறவுடையது. மலையிடம் கேட்கப்படுகின்றது, மலையின் விடை எழுத்தில் தரப்படுகின்றது. சமய மரபுகள் போற்றுகின்ற பொருளில் இசைவு என்று அழைக்கத்தக்க ஒன்று தற்கால நிர்வாகத்தில் உண்டெனில் அது இதுவே.

இருந்தும், தோட்டத்து மக்களின் செவியில் இந்த ‘ஆகாது’ என்ற சொல் இன்னொரு மறுப்பாகவே விழுகின்றது. அவ்வாறு விழுவதற்கு அவர்களைக் குறைகூற இடமில்லை. லயம் கட்டிய நாளில் அந்த மலையை அவர்களுக்காக எவரும் கேட்கவில்லை. தேயிலைக்கு உதவாத இடம், ஓடைக்கரை, பாறையடிவாரம் என்று கிடைத்த துண்டுகளில் லயங்கள் எழுந்த தோட்டங்கள் பல. கேளாமல் வைக்கப்பட்ட இடத்தில் தலைமுறைகளைக் கழித்த பின்னர், இங்கே ஓர் அறையைச் சேர்க்கலாகாது என்று மட்டும் சொல்லிச் செல்லும் அறிக்கை, அதே அபாயத்தின் கீழ் அவர்களை முன்போலவே விட்டுச் செல்கின்றது. ‘இங்கே ஆகாது’ என்ற சொல்லுக்குள் ‘எங்கே ஆகும்’ என்ற விடையும் அடங்கியிருக்கவேண்டும் என்பதைப் புத்தர் தேவதைக்கு வேறொரு மரத்தைச் சுட்டிய செயலும், மூர்த்திக்குப் பாலாலயம் அமைக்கின்ற சைவ விதியும், சங்கம் நேரில் வந்து இடத்தைப் பார்த்துக் குறித்துத் தரவேண்டும் என்ற விநயமும் ஒருங்கே உணர்த்துகின்றன. மாற்றிடம் சுட்டாமல் மறுப்பதை இம்மரபுகள் இசைவு முறையின் ஒரு பகுதியாகக் கொள்வதே இல்லை.

ஏழு பேர்ச்சஸ் காணியும் அதில் ஒரு தனிவீடும் என்ற திட்டத்தை இந்நோக்கில் மதிப்பிடவேண்டும். இந்திய உதவியுடன் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டப்பட்டதும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததும், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை உருவானதும் பெரிய மாற்றங்கள். நாற்புறமும் சொந்தச் சுவருள்ள வீட்டை முதன்முதலாகக் கண்ட குடும்பங்களின் மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்துவது தகாது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு நின்றால், மகனுக்கு ஓர் அறை, மகளுக்குப் படிக்க ஒரு மூலை, வண்டி சுற்றிவர அன்றேல் ஏணி சுற்றிவரச் சிறிது வெளி ஆகியவற்றுக்கு இடம் எஞ்சும். ஆனால் உறுதி கைக்கு வராதவரை, அவ்வறையைச் சேர்த்துக் கட்டும் நாளில் அக்குடும்பம் பிரதேச சபைக்குச் சமமான விண்ணப்பதாரராகச் செல்ல முடியாது. முன்போல் எவரேனும் ஒருவரின் தயவையே நாடவேண்டும். வீட்டைப் பெற்றும் அதனை மாற்றும் இசைவுக்கு வாசலற்று இருப்பது, விருந்தினராக வைக்கப்பட்டிருக்கும் நிலை. குடியிருத்தல் என்பதன் நிறைவு, தலைமுறைக்கேற்ப வீட்டை மாற்றிக்கொள்ள முடிவதிலும், அம்மாற்றத்துக்காக மலையையும் அயலவரையும் சபையையும் தாமே நேர்நின்று கேட்க முடிவதிலும் இருக்கின்றது.

பிராந்தியக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிவடைகின்றது. அக்குத்தகையில் கையொப்பமிட்டவர்கள் அரசும் கம்பனிகளும் மாத்திரமே. லயங்கள் நிற்கின்ற நிலம் அதன் பொருளாக இருந்தபோதும், லயங்களில் வாழ்பவர்கள் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. அது புதுப்பிக்கப்படினும் வேறு கைகளுக்கு மாற்றப்படினும், அதற்கான பேச்சுகள் அவ்வாண்டுக்கு வெகுமுன்னரே தொடங்கியாக வேண்டும். அன்று வரையப்படும் உடன்படிக்கையில் குடியிருப்பு நிலங்கள் தேயிலை நிலத்திலிருந்து பிரித்து அளக்கப்படுமா, அளக்கும்போது லயத்துக்கு லயம் சென்று குடும்பங்களின் சொல் கேட்டுப் பதியப்படுமா, சரிவு ஆகாதென்று கண்ட இடங்களுக்குப் பதிலாக எந்த மலையில் எந்த இடம் என்று அதே ஏட்டில் எழுதப்படுமா என்பவை, சட்ட வரைஞர்களிடம் இப்போதே முன்வைக்கப்பட வேண்டிய கேள்விகள்.